பச்சை அட்டையில் இருந்த விஷம்

விக்டோரியா ராணி காலத்து ஆங்கிலக் கிறிஸ்துமஸ் கதைகளின் பழைய பதிப்புகளைச் சேர்ப்பவள் நான். போன மாதம் பளிச்சென்ற பச்சைத் துணி அட்டையோடு ஒன்று கிடைத்தது. அன்று மாலையே என் ஒன்றரை வயது மகள் அதன் மூலையைச் சப்பிக்கொண்டிருந்தாள். உதடெல்லாம் பச்சை. சிரித்துக்கொண்டே படமெடுத்து, என்னைப் போலவே புத்தகம் சேர்க்கும் தோழிக்கு அனுப்பினேன்.

உடனே போன் செய்தாள். "அந்தக் காலத்துப் பச்சைச் சாயத்துல ஆர்சனிக் விஷம் இருக்கும்ங்க! ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க!"

திருவானைக்காவலிலிருந்து ஆட்டோவில் போகும்போது குழந்தைக்குக் கண் சொருகியது. தூக்கமா, மயக்கமா என்று புரியாமல் உலுக்கிக்கொண்டே இருந்தேன்.

இரண்டு நாள் வைத்துப் பார்த்தபின் டாக்டர், "உள்ள ரொம்பக் கொஞ்சம்தான் போயிருக்கு, பயப்படாதீங்கம்மா" என்றார். அப்போதுதான் அழுதேன்.

இப்போது பச்சை அட்டைப் புத்தகங்கள் உறையிட்டுப் பூட்டிய பீரோவில் இருக்கின்றன. எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டும் பழக்கத்தையும் விட்டுவிட்டேன்.