நித்தியகல்யாணி விற்கிறேன்

பூச்செடி விற்பவரிடம் பூவைப் பற்றி யாரும் கேட்பதில்லை; "இது எதுக்கு நல்லது?" என்றுதான் கேட்பார்கள். தஞ்சாவூரில் நர்சரி வைத்திருக்கும் எனக்கு இந்தக் கேள்வி அதிகம் வருவது நித்தியகல்யாணியால். நீங்களும் செடி விற்பவர் என்றால் என் பாடு உங்களுக்குப் புரியும்.

வரப்புக்குள் பூ

ஒரத்தநாடு பக்கத்து நெல் விவசாயி ஒருவர், என்னிடம் வாங்கி வாசலில் வைத்த நித்தியகல்யாணிச் செடியெல்லாம் அழுகிவிட்டது என்று வந்து நின்றார். நல்ல நாற்றாகப் பார்த்துக் கொடுத்திருந்தேன், மனம் ஆறவில்லை. அவர் வண்டியிலேயே ஏறிப் போய்ப் பார்த்தேன். செடிகளைச் சுற்றி அழகாக வரப்பு கட்டித் தண்ணீரைத் தேக்கி வைத்திருந்தார்.

"இதுக்கு வேர்ல தண்ணி நிக்கக்கூடாதுங்க" என்றேன். அரைமனதாக வரப்பை வெட்டிவிட்டார். வடிகிற தண்ணீரையே பார்த்தபடி சொன்னார்: "தண்ணியக் கட்டி வைக்கலைன்னா எங்களுக்குத் தூக்கம் வராதுங்க."

எட்டாத இடம்

ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர் மனைவியோடு வந்தார். நான் செடி எடுப்பதற்குள் நாலு இலையைப் பறித்து வாயில் போட்டுக்கொண்டார். "சர்க்கரைக்கு நல்லதாமே. வீட்லயும் தினம் மெல்றேன்."

"மாத்திரையும் போடுறீங்களா?"

"அதுவும்தான்" என்றவருக்கு வியர்த்துக் கொட்டியது; தொட்டிகளுக்கு நடுவே அப்படியே உட்கார்ந்துவிட்டார். இலையும் மாத்திரையும் சேர்ந்து சர்க்கரையை ரொம்பவே இறக்கிவிட்டன. சர்க்கரை கரைத்துக் கொடுத்து, தெளிந்ததும் ஆட்டோவில் டாக்டரிடம் அனுப்பினேன்.

பிறகு ஒருநாள் அந்த அம்மா மட்டும் வந்தார். இலையை டாக்டர் நிறுத்திவிட்டாராம், ஆள் நலம். கிளம்பும்போது ஒரு செடி கேட்டார். நான் தயங்கியதும் சொன்னார்: "பூ அழகா இருக்கு, குடுங்க. மொட்டை மாடியில வைக்கிறேன். அவருக்கு முட்டிவலி, படி ஏற மாட்டார்."

சபீனாவின் செடி

அதிராம்பட்டினத்தில் துணிக்கடை வைத்திருக்கும் ஒருவர் இந்தச் செடி கேட்டு வந்தார். மகள் சபீனாவுக்கு ரத்தப் புற்றுநோய். அவளுக்குப் போடும் ஊசிமருந்து ஒன்றை இந்தச் செடியிலிருந்து பிரித்தெடுக்கிறார்கள் என்று டாக்டர் சொன்னாராம்.

"அரைச்சுக் கிரைச்சுக் குடுத்துடாதீங்க, விஷம்" என்றேன் பதறி.

"குடுக்கறதுக்கு இல்லீங்க. ஊசின்னாலே அழுவுறா. மருந்து எதுலேருந்து வருதுன்னு காட்டலாம்னுதான்."

செடியைக் கொண்டுபோனவர் வெகுநாள் வரவில்லை. விசாரிக்கவும் பயம். பிறகு ஒரு மாலை மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். சிகிச்சை முடிந்து, தலையில் முடி குட்டையாக வளர்ந்திருந்தது. சபீனா ஒரு பூவருகே குனிந்து உற்றுப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "இவ்ளோ சின்னப் பூவுக்கு எப்படிங்க அவ்ளோ வலிக்க வைக்கத் தெரியுது?"

செடி வளர்க்கச் சொல்லிக்கொடுக்க ஒரு நிமிஷம் போதும், தின்னாமல் இருக்கச் சொல்லிக்கொடுப்பதில்தான் என் பிழைப்பு ஓடுகிறது.