மிளகாய்ச் சாக்குக்குப் பின்னால் மாதா

இராயபுரத்தில் நாங்கள் குடியிருந்தது ஒற்றை அறை. முற்றம் எல்லாக் குடித்தனங்களுக்கும் பொது, கிணறு பொது, யார் வீட்டில் என்ன குழம்பு என்பதும் பொது. அப்படிப்பட்ட இடத்தில் எனக்குத் தனியாக ஒரு ஜெப மூலை வேண்டும் என்று தோன்றியது.

காரணம் உண்டு. என் மனைவிக்கு இரண்டு முறை கரு தங்கவில்லை. இப்போது மறுபடி உண்டாகியிருந்தாள். மாதா கோவிலில் நாலு பேர் நடுவே முழந்தாளிட்டால் எனக்குக் கூச்சம் வந்துவிடும். கேட்கப் போனதை விட்டுவிட்டு, நல்ல மழை வேண்டுமென்று கேட்டுத் திரும்புவேன். என்னளவு மழைக்காக மன்றாடிய குடியானவன் கிடையாது.

துறைமுகக் கிடங்கில் எனக்குச் சாக்கு தைக்கும் வேலை. கிழிந்த சாக்குகளைக் கேட்டு வாங்கி, துவைத்து, திரையாகத் தைத்து மூலையை மறைத்தேன். உள்ளே ஒரு தேயிலைப் பெட்டி, அதன்மேல் மாதா படம், மெழுகுவர்த்தி. பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். போகும்போது தும்மினார். சளி என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் மெழுகுவர்த்தியை ஏற்றி, "மாதாவே" என்றேன். அதற்குமேல் தும்மல்தான் வந்தது. அவை மிளகாய் மூட்டைச் சாக்குகள். கிடங்கில் கடற்காற்று நெடியை அள்ளிக்கொண்டு போய்விடும். இங்கே துவைத்தும் போகாத நெடியை மெழுகுவர்த்திச் சூடு கிளப்பிவிட்டது.

முற்றத்திலிருந்து பக்கத்து வீட்டு மீன்காரம்மா குரல் கொடுத்தாள். "இன்னா அண்ணாத்தே, மாதாவுக்கே மொளகா தாளிக்கிறியா?"

அன்றுமுதல் என் தும்மல்தான் முற்றத்துக்குக் கோவில் மணி. "அண்ணாத்த ஜெபத்துல கீறாரு, யாரும் சத்தம் போடாதீங்கடி" என்று அவளே சத்தம் போடுவாள்.

திரையை எடுத்துவிடச் சொன்னாள் மனைவி. எடுத்தால் நான் முழந்தாளிடுவது எல்லாருக்கும் தெரியுமே என்றேன்.

"இப்ப மட்டும் தெரியலியாக்கும்?"

ஒரு சாயங்காலம் தும்மல் ஓயவே இல்லை. மீன்காரம்மா இரண்டு பெண்களோடு உள்ளே வந்து, திரையை விலக்கி, மீன் வாடையோடு என் பக்கத்தில் முழந்தாளிட்டாள்.

"மாதாவே, இந்த ஆளு தும்மிகினே கெடக்கிறாரு, வாயத் தொறந்து கேக்க மாட்டேன்றாரு. நான் கேக்குறேன். இவரு வூட்டுக்காரிக்கு இந்தத் தபா புள்ள தங்கணும். அவ்ளோதான்."

நான் மாதக்கணக்காக விழுங்கி வைத்திருந்தது தெருமுனை வரை கேட்டிருக்கும். மூலைக்குள் ஒளிய இன்னொரு மூலை இருந்தால் போயிருப்பேன். அடுப்படியிலிருந்து என் மனைவியும் எழுந்து வந்து நின்றாள். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ஆமென் சொல்லவேண்டியது நான்தான் போலும்.

சொன்னேன். கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன்.