சடங்குக் கிழமையில் எண்ணிய தோணி

நடந்தது இதுதான்.

1. செவ்வாய், புதன், வியாழன் - மூன்று நாளும் விடியமுதல் பொழுதுபடும்வரை வாவித் துறையில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தேன்.

2. வாவிக்கு அக்கரையான படுவான்கரையிலிருந்து தோணியில் வந்திறங்கியவர்களை எண்ணினேன். விரல்விட்டு எண்ணலாம்.

3. வெள்ளிக்கிழமை எங்கள் போக்குவரத்துக் கந்தோரில் அறிக்கை டைப் ஆனது: துறைக்குப் பின்னேர பஸ் தேவையில்லை.

பட்டணம் வீங்குகிறது. புதுக் குடியிருப்புகளுக்கு பஸ் வேண்டும். எங்கிருந்தாவது ஒன்றைக் கழற்றத்தானே வேண்டும்? அதற்குத்தான் இந்த எண்ணிக்கை.

இரண்டாம் நாளே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. நல்ல காற்று, வேலையும் குறைவு என்று சந்தோஷம்தான் வந்தது!

அடுத்த புதன் காலை, தேநீர்க் கடையில் இரவல் வாங்கிய கதிரையைக் கொடுக்கப் போனேன். தோணி நிரம்பி வழிந்தது. சைக்கிள்கள், தயிர்ச் சட்டிகள், பள்ளிக்கூடப் பிள்ளைகள்... போன கிழமை மூன்று நாளும் இவர்களெல்லாம் எங்கே போயிருந்தார்கள்?

இறங்கியவர்களில் யோகம் என்றொரு பெண். பட்டணத்துத் தையல் கடையில் வேலை. வேலை முடிந்து பின்னேர பஸ்ஸில் துறைக்கு வந்தால்தான் வீடு திரும்பக் கடைசித் தோணி கிடைக்குமாம். பஸ் நிற்கப்போகிற கதை அவளுக்கும் எட்டியிருந்தது. வீட்டில் உழைப்பவள் அவள் ஒருத்திதான்.

"நீங்க எண்ணின கிழமை அம்மன்ட கதவு திறந்திருந்ததுகா" என்றாள். "குளிர்த்தி முடியிற மட்டும் ஆரு ஊர விட்டு வெளிக்கிடுவாங்க?"

வைகாசிச் சடங்கு: அம்மன் கோயில் கதவு திறந்த நாளிலிருந்து கடைசி நாள் குளிர்த்திப் பூசை வரை. எனக்குத் தெரியாது. பட்டணத்து மெதடிஸ்த வீட்டில் வளர்ந்தவள் நான். சரி, மூன்று நாளும் பக்கத்திலேயே இருந்த தோணிக்காரர் ஒரு சொல் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். அவர் தோணி வலிக்கும் சவளைக் கீழே வைக்கவேயில்லை.

"நீங்க எண்ணத்தானே புள்ள வந்தீங்க. ஆரிட்டயும் ஒண்டும் கேக்கல்லியே."

தோணியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். யோகம் சிரிக்கவில்லை.

நேரே கந்தோருக்குப் போனேன். மறுபடி எண்ண வேண்டும் என்றேன். ஆள் இல்லை, நாள் இல்லை என்றார் மேலதிகாரி. கலண்டரைத் திருப்பிக் காட்டினார். அந்த மூன்று நாளிலும் சிவப்பு எழுத்து இல்லை. ஆகவே அவை சாதாரண நாட்களாம்.

"எண்ணிக்கை பிழையா, மிஸ்?"

"எண்ணிக்கை சரி, சேர். கிழமைதான் பிழை."

கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பேசச் சொன்னார். நான் போடவில்லை. அறிக்கையை எடுத்துக்கொண்டு என் மேசைக்குப் போனேன்.

ஒருவரை எப்படி எண்ணுவது, எந்தக் கட்டத்தில் கோடு போடுவது - எல்லாம் படித்திருக்கிறேன். ஊருக்குள் போய் "இந்தக் கிழமை என்ன விசேஷம்?" என்று கேட்க எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. வேகமாக வளரும் பட்டணத்தை அளக்க வருகிறவர்களுக்கு வேகம்தான் முதல் எதிரியோ?

இன்றைய நிலை: அறிக்கை கையெழுத்தில்லாமல் என் மேசையில் கிடக்கிறது. முதல் பக்கத்தின் மேலே 'சடங்குக் கிழமை, வழக்கமான நாட்கள் அல்ல' என்று மையால் எழுதி வைத்திருக்கிறேன். பஸ் இன்னும் ஓடுகிறது. முடிவெடுக்கும் கூட்டம் திங்கட்கிழமை.

என்னை அழைக்கவில்லை.