மரக்கரண்டியால் போடும் சுவிட்ச்

அவருக்கு டெஸ்டர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. சட்டைப் பையில் பேனா இல்லாத நாள் உண்டு, டெஸ்டர் இல்லாத நாள் கிடையாது. மின்சாமான் கடைக்குப் புகார் வந்தால் சீட்டு எழுதி அவர் கையில்தான் கொடுப்பார்கள். வேலை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம். கருகிப்போன பிளக் பாயிண்டைக் கழற்றி, வீட்டுக்காரர் முகத்துக்கு நேரே நீட்டி, "இதை வெச்சுக்கிட்டா குடித்தனம் பண்றீங்க? உயிர் மேல ஆசையே இல்லையா?" என்று கேட்காமல் படி இறங்கமாட்டார். பெரிய படிப்புப் படித்தவர்களும் அவர் முன்னால் கைகட்டி நிற்பார்கள். அதில் அவருக்கு ஒரு தனி ருசி.

அன்று காலை கடைக்காரர் நீட்டிய சீட்டில் அவருடைய வீட்டு விலாசமே இருந்தது.

"அண்ணி போன் பண்ணாங்க. சமையலறை பாயிண்ட்ல புகை வருதாம். ரெண்டு வருஷமா வீட்டுல சொல்லிப் பார்த்தாங்களாம். ஆள் வரலையாம்."

பல்பு வாங்க வந்தவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தார். டெஸ்டருக்குக் காது மடல் சுட்டது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மனைவி கதவைத் திறந்து ஒதுங்கி நின்றாள். வலது கை விரல்களில் ஈரத்துணி.

"மெயினை அணைச்சிட்டேன்" என்றாள். ஊருக்கெல்லாம் அவர் சொல்லும் முதல் பாடம் அது.

"ஷாக் அடிச்சுதா?"

"லேசாத்தான்."

அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. பிளக் ஆடுகிறது என்று அவள் முதன்முதலில் சொன்னபோது, ஆணி அடித்து ஒரு மரக்கரண்டியை மாட்டி, "இதால பிளக்கை அழுத்தி விட்டுட்டு, இதாலயே சுவிட்சைப் போடு. நாளைக்கு மாத்திடறேன்" என்றவர் அவர்தான்.

மின்சாரம் இல்லை என்று டெஸ்டர் வைத்து உறுதி செய்துகொண்டு கழற்றினார். உள்ளே திருகு தளர்ந்து, கம்பியின் மேலுறை உருகிக் கரியாகியிருந்தது. கருகிய நீளத்தை வெட்டி எறிந்துவிட்டு, புதுப் பாயிண்டையும் சுவிட்சையும் வைத்து இறுக்கினார். பழையது கையில் இருந்தது. பழக்கதோஷத்தில் அதை நீட்டப்போனவர், நீட்ட ஆளில்லாமல் பைக்குள் போட்டுக்கொண்டார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

மெயினைப் போட்டுவிட்டு, சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எட்டு வயது மகளைக் கூப்பிட்டார். "வாடா கண்ணு, நீயே போட்டுப் பாரு."

அவள் ஆணியிலிருந்து மரக்கரண்டியை எடுத்தாள். கரண்டி எட்டும் தூரத்தில் தள்ளி நின்று, முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, கண்களை இறுக மூடிக்கொண்டு சுவிட்சை அழுத்தினாள். முகத்தைத் திருப்பிக்கொள்ள அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

கையாலேயே போடலாம், இனி ஒன்றும் ஆகாது என்று சொல்ல வாயெடுத்தார். நாளைக்கு மாற்றிவிடுகிறேன் என்று சொன்னதும் இதே வாய்தான். ஆணியைப் பிடுங்க ஆரம்பித்தார்.