எது தப்பு என்று எப்படித் தெரியும்?

பாபநாசம் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் நான் உயிரியல் ஆசிரியை. செல் தன் டிஎன்ஏவைப் பிரதி எடுக்கும் பாடம் வந்துவிட்டால் எனக்குத் தலைகால் புரியாது. முந்நூறு கோடி எழுத்துகளை நகலெடுக்கும்போதே நொதி தன் தப்பைப் பார்த்து அழித்து எழுதும். அதற்கும் தப்பியதைத் தேடிப் பின்னால் ஒரு புரதக் கூட்டம் வரும். பிழையுள்ள துண்டை வெட்டியெடுத்துப் புதிதாக எழுதவைக்கும். நானே கண்டுபிடித்த மாதிரிப் பெருமையாகச் சொல்வேன்.

போன வருஷம் என் தம்பிக்குக் குடலில் புற்றுநோய். வயது முப்பத்தெட்டு. அறுவை சிகிச்சை முடிந்து அவன் தேறியதும் தஞ்சாவூர் டாக்டர் என்னைக் கூப்பிட்டார்.

"டிஎன்ஏ பிழையைத் திருத்துற மரபணுக்கள்ல ஒன்னு அவருக்குப் பிறவியிலேயே பழுது. உங்களுக்கும் இருக்கலாம், பாதிக்குப் பாதி. ரத்தம் குடுத்துட்டுப் போங்க."

பயந்துபோனேன். பாடப்புத்தகத்தில் இருப்பது என் வீட்டுக்குள்ளும் வரும் என்று அதுவரை உறைத்ததே இல்லை.

அம்மா விதைப்பண்ணைக்குக் கலவன் எடுக்கப் போகிறவள். விதைநெல் வயலில் வேறு ரகப் பயிர் கலந்திருந்தால் வேரோடு பிடுங்குகிற வேலை அது. "நீ செய்யிறதைத்தான் செல்லும் செய்யுதும்மா" என்று அவளுக்கு விளக்கினேன்.

"ஒரு தடவ நாத்து மாறிப்போயி வயல்ல பாதிக்குப் பாதி கலந்துடுச்சு. எது கலவன்னு தெரியாம நல்ல பயிரையே புடுங்கிப் போட்டோம். அந்தச் செல்லுக்கு மட்டும் எது தப்புன்னு எப்படித் தெரியும்?" என்றாள் அம்மா.

இத்தனை வருஷத்தில் ஒரு மாணவர்கூட என்னிடம் கேட்காத கேள்வி. அசந்துபோனேன்.

"ரெண்டு இழை இருக்கும்மா. பழசை நம்பும். புதுசுல இன்னும் ஒட்டாத வெட்டு இருக்கும். அதை வச்சுக் கண்டுபுடிச்சு, புதுசைத்தான் திருத்தும்."

"கெட்டிக்காரத்தனந்தான்" என்றாள். அம்மா லேசில் யாரையும் மெச்சமாட்டாள்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. எனக்கும் பழுது இருந்தது. அம்மாவையும் சோதித்தோம்; அவளுக்கு இல்லை. நாற்பத்தைந்து வயதில் வயிற்றுவலியோடு போய்ச் சேர்ந்த அப்பாவின் வழியில் வந்தது.

"எல்லாருக்கும் அந்த மரபணு ரெண்டு பிரதி இருக்கும்மா. அப்பா குடுத்தது பழுது. நீ குடுத்தது ஒத்தையா நின்னு நாப்பத்திரண்டு வருஷமா எனக்குத் திருத்திக்கிட்டிருக்கு. வருஷா வருஷம் குடலுக்குள்ள கேமரா விட்டுப் பாத்துக்கிட்டாப் போதும்" என்றேன்.

அம்மா என் வயிற்றில் கைவைத்துப் பார்த்தாள்.

"தம்பிக்கும் நல்லதைத்தானே குடுத்தேன்?"

ஒரே ஒரு செல்லில் அந்த நல்ல பிரதியும் கெட்டுப்போனால் போதும், புற்றுநோய் தொடங்கிவிடும். "நல்லதைத்தாம்மா குடுத்தே" என்று மட்டும் சொன்னேன்.