உகாய் கட்டிய மணிக்கோபுரம்

உகாய் யசுநோரிக்கு வீடு என்று சொல்லிக்கொள்ள ஜப்பானின் அமாகசாகி நகரில் ஓர் அறை இருந்தது. அதில் பாதியை, ஒன்றோடொன்று பொருத்திப் பொம்மை கட்டுகிற சாம்பல் நிறப் பிளாஸ்டிக் கட்டைகள் பிடித்துக்கொண்டன. மீதி இடத்தில் அவர் படுத்துக்கொண்டார். பிழைப்புக்குப் பார்சல் கிடங்கில் பெட்டி தூக்கினார். அதற்கு முன், இளமை முழுவதும், ஒரு வீடியோ கேம் கம்பெனியில் படம் வரைந்தவர்.

அந்தக் கம்பெனி 'உறங்கா மலை' என்று ஓர் ஆன்லைன் விளையாட்டை நடத்தியது. மலையுச்சியில் நிற்கிற மணிக்கோபுரம் உகாய் வரைந்தது, ஒவ்வொரு கல்லும் அவர் கை. ஆட ஆள் குறைந்தது, கம்பெனி நொடித்தது. சர்வரை அணைத்தார்கள். கணினிகளில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டுப் பழைய சாமான் விலைக்குப் போட்டார்கள். அச்சில் இல்லாத புத்தகம்கூட யார் வீட்டுப் பரணிலாவது கிடக்கும். இதற்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. இணையத்தில் தேடினால் நாலைந்து மங்கலான படங்கள் வரும். அவற்றிலும் ஆட்டக்காரர்களின் முதுகுதான் தெரியும், கோபுரம் தெரியாது. இந்த நிலைமை எதிரிக்குக்கூட வரக்கூடாது.

அதனால்தான் அவர் அதைக் கட்டைகளில் கட்டினார். கோபே நகரில் வருஷாவருஷம் நடக்கும் கட்டைப் பொம்மைக் கண்காட்சியில் கொண்டுபோய் வைத்தார். பார்க்கிறவர்களில் ஒருவர், ஒரே ஒருவர், அடையாளம் கண்டுகொண்டால் போதும். அந்தக் கோபுரம் இருந்தது, அதை வரைந்தவனும் இருந்தான் என்று ஆகிவிடும். வேறு ஒன்றும் அவர் கேட்கவில்லை. அதுவும் கிடைக்கவில்லை.

இந்த வருஷமும் கடைசி நாள் மதியம் வந்துவிட்டது. பக்கத்து மேஜையில் கட்டை ரயில் ஓட்டிக்கொண்டிருந்த மியாகே சும்மா இருக்கவில்லை.

"உகாய்சான், மறுபடியும் அதே குட்டிச்சுவரா? எல்லாரும் என் ரயிலைப் பாக்குறாங்க. உங்ககிட்ட வந்ததும் கழிப்பறை எங்கன்னு கேக்குறாங்க."

"கேக்கட்டும். வழி சொல்றேன்."

"முன்னாடி வச்சிருக்கிற சீட்டுல விளையாட்டுப் பேரையாவது எழுதி வைங்களேன்யா."

"எழுதினா படிச்சுட்டுச் சொல்லிடுவாங்க. தெரிஞ்சு சொல்லணும்."

"இந்தப் பிடிவாதத்தை மட்டும் ஒட்டிக் கட்டியிருக்கீங்க" என்று சிரித்தார் மியாகே. கட்டைகளைப் பசை போட்டு ஒட்டுவது கட்டை கட்டுகிறவர்கள் மத்தியில் மகா பாவம். அதனால் அது கொஞ்சம் கடுமையான கேலிதான்.

அப்போது ஒரு பெண் வந்து நின்றாள். நாற்பது வயது இருக்கும். போக நினைத்தவள் திரும்பி வந்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"இது... உறங்கா மலை மணிக்கோபுரம்தானே?"

உகாய் சட்டென்று எழுந்தார். தலையை வேகமாக ஆட்டினார்.

"அய்யோ, நானும் என் தம்பியும் தினம் இதுலதான் ஏறுவோம். ஏறி ஏறிச் செத்து விழுவோம்!" சிரித்தவள் தலையைச் சாய்த்து மறுபடி பார்த்தாள். "ஆனா படிக்கட்டு இந்தப் பக்கமா? இடது பக்கம்ல இருந்துச்சு?"

"இல்லைங்க, வலது பக்கம்தான். நான்தான் இதை வரைஞ்சேன்."

எத்தனையோ வருஷமாகச் சொல்லக் காத்திருந்த வார்த்தை, இப்படி வாதாடுவதற்கா வெளியே வரவேண்டும்!

"அப்படியா? அப்ப நான்தான் மறந்திருப்பேன். மன்னிச்சுக்குங்க" என்று குனிந்து வணங்கினாள். முகம் மட்டும் அதை நம்பவில்லை. கூட்டத்தில் கலந்து போய்விட்டாள்.

அதன் பிறகுதான் உகாய்க்கு உறைத்தது. விளையாட்டு வெளிவர இருந்த சமயம், வலப்பக்கம் படிக்கட்டு வைத்து வரைந்த படத்தை இடவலமாகத் திருப்பச் சொன்னார் மேலாளர். உகாய் கத்தினார், கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். அதெல்லாம் நன்றாக நினைவிருந்தது. மறுநாள் வந்து திருப்பினாரா, இல்லை மேலாளர் விட்டுக்கொடுத்தாரா? அது மட்டும் நினைவில் இல்லை. கேட்கலாமென்றால் மேலாளர் உயிரோடு இல்லை.

படிக்கட்டை மெல்லக் கழற்றி இடது பக்கம் பொருத்திப் பார்த்தார். சரியாக இருந்தது. இப்படித்தானே வரைந்தோம் என்று தோன்றியது. மறுபடி கழற்றி வலது பக்கம் பொருத்தினார். அதுவும் அப்படியே தோன்றியது.

"அந்த அம்மாதான் கண்டுபிடிச்சுட்டாங்களே" என்றார் மியாகே. இந்தத் தடவை குரலில் கேலி இல்லை. "இன்னும் என்னய்யா அழுமூஞ்சி? சந்தோஷப்படுங்க."

"அவங்களுக்கு ஞாபகம் இருக்கு" என்றார் உகாய். "எனக்குத்தான் இல்ல."