லாகின் ஆகாத கடற்கரை ஆபீஸ்

ஒரு ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவனுக்குத் திட்டு ஒரு பக்கத்திலிருந்து வரும். இரண்டு ஊர் ஆபீஸ்களை ஒரே லைனில் இணைத்து வைத்திருப்பவனுக்கு இரண்டு பக்கமும் வரும். இதே வேலையில் அடிபட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நான் இருந்தது ஓர் இறால் ஏற்றுமதிக் கம்பெனி. தலைமை ஆபீஸும் சர்வரும் செங்கல்பட்டில்; இறாலைப் பெட்டி கட்டி அனுப்பும் கிளை சதுரங்கப்பட்டினம் பக்கம். அங்கே யார் கம்ப்யூட்டரைத் திறந்தாலும் இங்கிருக்கும் சர்வர் ‘சரி’ என்றால்தான் உள்ளே போக முடியும்.

பத்து நிமிஷம்

கிளையின் குடோன் சூப்பர்வைசர் தணிகாசலம். அவர் ஒருத்தருக்கு மட்டும் லாகின் ஆகவில்லை. பாஸ்வேர்டை மாற்றினேன், கேபிளை மாற்றச் சொன்னேன், ஒன்றும் நடக்கவில்லை. நேரில் போய்ப் பார்த்தால், அவர் கம்ப்யூட்டரில் கடிகாரம் பத்து நிமிஷம் முன்னால் ஓடுகிறது. இரண்டு பக்கமும் நேரம் ரொம்ப வித்தியாசப்பட்டால் எங்கள் சர்வர் ஆளை உள்ளே விடாது.

“நான்தான் சார் வெச்சேன். சாயங்கால பஸ்ஸ உட்டா ஒரு மணி நேரம் நிக்கணும்” என்றார். சர்வர் நேரத்துக்குத்தான் நாம் ஓட வேண்டும் என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“உன் சர்வருக்கு இன்னா சார், அது வூட்டுக்கே போவாது. நான் போவணுமில்ல!”

மேனேஜர் எங்கே?

ஒருநாள் காலை செங்கல்பட்டில் எங்கள் மேனேஜரால் லாகின் செய்ய முடியவில்லை. ‘நீங்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறீர்கள்’ என்றது திரை. முந்தின நாள் கிளைக்குப் போனவர், அங்கே லாகின் செய்து அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கிறார். ஒருவர் ஒரு இடத்தில்தான் இருக்கலாம் என்பது சர்வரின் சட்டம்.

கிளையில் டெஸ்பாட்ச் பேப்பர் போடும் சரோஜா மேடத்துக்கு ஸ்பீக்கரில் போன் போட்டேன். மேனேஜர் என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். “மேடம், மேனேஜர் இன்னும் அங்கேதான் இருக்கார். அவரை வெளியே அனுப்பிடுங்க” என்றேன்.

“ஐயோ, இல்ல சார், அவர் நேத்தே போயிட்டார். இன்னிக்கு எல்லாரும் நிம்மதியா இருக்கோம்!”

விழாத ஏழு

சரோஜா மேடத்தின் பாஸ்வேர்டு காலாவதியாகிவிட்டது. என் இடத்திலிருந்தே, நடுவில் ஓர் ஏழு வைத்து, புதிதாக ஒன்று போட்டு போனில் சொன்னேன். அவர் அடித்துப் பார்த்தார். எடுக்கவில்லை. துறைமுகத்துக்குப் போக வேண்டிய லாரி பேப்பருக்காக வாசலில் நிற்கிறது. உள்ளே ஐஸ் கரைகிறது. தப்பு அவர் கம்ப்யூட்டரில்தான் என்று தீர்மானித்து, திருக்கழுக்குன்றம் வழியாக பைக்கை விரட்டினேன்.

நான் அடித்தும் எடுக்கவில்லை. வாசலில் லாரியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மேடம் மெல்ல ஆரம்பித்தார். “சார், தப்பா நினைக்காதீங்க. போன வாரம் நீங்க அனுப்பின மெயில்ல எங்க போன் நம்பர்ல ஏழே இல்ல. உங்க கீபோர்டுல ஏழு விழுதா?” சொல்லிக்கொண்டே ஏழை விட்டுவிட்டு அடித்தார். திறந்துகொண்டது. அரை மணியில் லாரி புறப்பட்டது.

ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு நழுவப் பார்த்தேன். தணிகாசலம் விடவில்லை.

“அவ்ளோ தூரம் அட்ச்சி புட்ச்சிகினு வந்து, ஒரே ஒரு ஏழக் கயட்டிட்டுப் போறியே சார்!”

ஐந்து வருஷம் அங்கே வேலை பார்த்ததில், தப்பு முழுக்க முழுக்க மெஷின் மேல்தான் என்று நிரூபணமானது ஒரே ஒரு தடவை, அன்றைக்கு நான் லீவு.